எத்தனை கிராம் கட்டுவது?

போன வாரம் மும்பை செம்பூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். புதிதாக ராடும் ரீலும் வாங்கியிருக்கிறான். "அண்ணே, நெருள்ல போட் எடுத்து அடித்தூண்டில் போடணும். எத்தனை கிராம் ஈயம் வாங்கட்டும்?" என்று கேட்டான்.

"என்னிக்குப் போறே?"

"ஞாயித்துக்கிழமைண்ணே."

"கிழமை வேண்டாம்ப்பா. திதி சொல்லு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அவனுக்காகத்தான் இந்தப் பதிவு. வாஷியிலும் பேலாப்பூரிலும் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவும்.

எனக்குத் தூண்டில் சொல்லிக்கொடுத்த இடம் தூத்துக்குடி தெரேஸ்புரம். மாமா வள்ளத்தில் போவார், லீவு நாளில் நானும் தொற்றிக்கொள்வேன். ராடு, ரீல் எதுவும் கிடையாது. கட்டையில் சுற்றிய நரம்பு, முனையில் ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு முள். கடலடிப் பாறையான பாருக்கு மேலே வள்ளத்தை நிறுத்திவிட்டு நரம்பை விடச் சொல்வார். "ஏலே, ஈயம் தரையில தட்டுச்சா? தட்டினதும் ஒரு முழம் தூக்கிப் பிடி" என்பார். அவ்வளவுதான் பாடம். விளமீனும் களவாவும் அந்த ஒரு முழ உயரத்தில்தான் வந்து கடிக்கும். மாமாவிடம் இருந்த ஈயம் பெரும்பாலும் ஒரே எடைதான், கையில் வைத்துப் பார்த்தால் முப்பது நாற்பது கிராம் இருக்கும். எந்த நாள் போனாலும் அதையேதான் கட்டுவார். ஏன் அது போதுமாக இருந்தது என்பது நெருளுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

தூத்துக்குடிக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பையில் அப்படி இல்லை. பெரிய ஏற்ற நாட்களில் தண்ணீர் நாலரை மீட்டருக்கு மேல் ஏறுகிறது. மழைக்காலத்தில் 4.5 மீட்டர் தாண்டும் நாட்களை மாநகராட்சியே முன்கூட்டி எச்சரிக்கிறது. அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும். நெருள் ஜெட்டிக்கு முன்னால் கிடக்கும் பன்வேல் கழியும், அது போய்ச் சேரும் தாணே கழியும் அதற்கான வாய்க்கால்கள். அதனால் இங்கே தண்ணீர் ஓடுகிறது என்றால் ஆறு ஓடுவது போல ஓடும். எங்கள் பக்கம் நீரோட்டத்துக்கு நீவாடு என்று ஒரு சொல் உண்டு. மாமா அந்தச் சொல்லை எப்போதாவதுதான் எடுப்பார். இங்கே அது இல்லாமல் ஒரு வாக்கியம் பேச முடியாது.

முதல் முறை இங்கே போட்டில் போனது ஒரு அமாவாசைக்கு மறுநாள். ஜெட்டியில் பழக்கமான கோலி மீனவப் பெரியவர் ஒருவர் தன் ஹோடியில் கூட்டிப் போனார். நான் அவரைக் காகா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். என்னைவிட இருபது வயது மூத்தவர். மும்பையில் தமிழன் எந்த வயதிலும் அண்ணாதான். நங்கூரம் போட்டோம். மூன்று பாகம் ஆழம் இருக்கும். மாமாவின் கணக்கை நம்பி நாற்பது கிராம் ஈயத்தைக் கட்டி இறக்கினேன். அது இறங்கவே இல்லை. நரம்பு போட்டின் பின்பக்கம் நீளமாகப் பட்டம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. இருபது, முப்பது மீட்டர் விட்டும் தரை தட்டவில்லை. நிறுத்திப் பிடித்தால் ஈயம் மேலே மேலே எழும்பியது.

காகா பார்த்துக்கொண்டே இருந்தார். நானாகவே பையிலிருந்த பெரிய ஈயத்தை எடுத்தேன், இருநூறு கிராம். அது இறங்கியது, ஆனால் சேற்றுக்குள் போய்ப் புதைந்துவிட்டது. ராடைத் தூக்கினால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது போல இழுத்தது. நரம்பில் மீன் தொட்டதா, நண்டு தொட்டதா, ஒன்றும் தெரியவில்லை. அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால் இரண்டு முள்ளிலும் இரையாகக் கோத்த இறால் இல்லை.

அப்போதுதான் காகா எழுந்து நங்கூரத்தைத் தூக்கினார். "இப்ப அந்தச் சின்னதையே போடு அண்ணா" என்றார். போட்டேன். அதே நாற்பது கிராம், அதே தண்ணீர், அதே வேகம். ஈயம் நேராக இறங்கித் தரையில் பொத்தென்று உட்கார்ந்ததை விரலில் உணர்ந்தேன்.

கணக்கு இதுதான். நங்கூரம் போட்ட போட் நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது. ஓடும் தண்ணீர் முழுவதும் உங்கள் நரம்பைத் தள்ளுகிறது. நங்கூரம் இல்லாத போட் தண்ணீரோடு சேர்ந்து போகிறது. நரம்புக்கும் தண்ணீருக்கும் இடையே வேக வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆகவே எத்தனை கிராம் என்ற கேள்விக்கு முன்னால் போட் நிற்கிறதா, மிதந்து போகிறதா என்ற கேள்வி வருகிறது. எடை மீனுக்காகக் கட்டுவதில்லை, தண்ணீருக்காகக் கட்டுவது.

தண்ணீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. ஓட்டம் குறைந்த நேரத்தில் நாற்பது கிராம் போதுமென்றால், அதே இடத்தில் ஓட்டம் இரட்டிப்பானதும் நூற்றறுபது வேண்டும். ஐம்பது, அறுபது என்று பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டு போவது வீண். அந்தத் தம்பியிடம் நான் சொல்வது: 30, 60, 120 என்று இரட்டிப்பாக மூன்று எடை வாங்கு, நடுவில் 80 ஒன்று இருக்கட்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் அன்றைக்கு அந்த நேரத்தில் தூண்டில் போடாதே.

நரம்பின் தடிமனையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஈயத்தை மட்டும் தள்ளுவதில்லை, மேலிருந்து கீழ்வரை நரம்பு முழுவதையும் தள்ளுகிறது. அரை மில்லிமீட்டர் தங்கூசிக்குப் பதில் அதே பலம் உள்ள கால் மில்லிமீட்டர் பின்னல் நரம்பு போட்டால் தள்ளுவது ஏறக்குறைய பாதியாகும். பின்னல் நரம்பு இழுபடாது, அதனால் தரையின் தட்டு அப்படியே விரலுக்கு வரும். ஆனால் இந்தக் கழியில் சிப்பி ஒட்டாத கல்லும் தூணும் இல்லை. சிப்பியில் பட்டால் பின்னல் நரம்பு பிளேடில் பட்டது போல அறுந்துவிடும். கடைசி இரண்டு மீட்டருக்குத் தடித்த தங்கூசி கட்டாயம்.

இனி திதிக்கு வருகிறேன். இது காகா கொடுத்த சொத்து, இந்தக் கரையில் கோலி வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் உச்ச ஏற்றத்தின் நேரம் வரும். சதுர்த்தி என்றால் நாலுக்கு முக்கால், மூன்று மணி. அஷ்டமி என்றால் ஆறு மணி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பதினொன்றேகால், ஏறக்குறைய பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பகலுக்கும் இரவுக்கும் ஒரே கணக்கு. உள்கழிக்கு வர வர இன்னும் கொஞ்சம் தாமதமாகும். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. திதிக்கு முக்கால் மணி என்ற கணக்கு அதை எவ்வளவு கச்சிதமாகப் பிடித்திருக்கிறது பாருங்கள். போனில் ஏற்றவற்ற ஆப் இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டுங்காவிலிருந்து வாங்கிவந்த தமிழ் நாள்காட்டி தொங்குகிறது. காலையில் காபிக்கு நிற்கும்போது தாளைக் கிழித்துத் திதியைப் பார்த்தால் போதும், வெளியே கழி இப்போது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடுகிறது. நல்ல நேரம் பார்க்க அச்சடித்த தாள் இங்கே எனக்கு நீரோட்ட அட்டவணையாக இருக்கிறது.

நேரம் மட்டுமில்லை, வேகமும் திதியில் இருக்கிறது. பௌர்ணமி, அமாவாசையும் அவற்றையடுத்த ஓரிரு நாளும் தண்ணீர் வெறிபிடித்து ஓடும். மராத்தியில் அதற்கு உதாண் என்று பேர். அஷ்டமியும் அதையடுத்த ஓரிரு நாளும் ஓட்டம் குறைவு, அதற்குப் பாங் என்று பேர். புதிதாகப் பழகுபவர்கள் பாங் நாளில்தான் தொடங்க வேண்டும். நான் உதாணில் தொடங்கி ஒரு முழு நாளை இழந்தேன்.

இப்போது சாதனம். வட அமெரிக்க ஏரிகளில் வாலை என்ற மீனைப் பிடிக்க ஒரு கம்பி எடை வைத்திருக்கிறார்கள், பாட்டம் பவுன்சர் என்பார்கள். ஒரே கம்பியை 'ட' எழுத்து மாதிரி வளைத்தது. ஒரு கை குட்டை, ஒரு கால் நீளம். நீளக் காலின் நடுவில் ஈயம் வார்த்திருக்கும். வளைவில் ஒரு கண், அங்கே ராடிலிருந்து வரும் நரம்பைக் கட்ட வேண்டும். குட்டைக் கையின் நுனியில் முள் நரம்பு. போட் மெல்ல நகர, கம்பியின் கால் நுனி தரையைத் தொட்டுத் தொட்டு வரும், இரை ஒரு சாண் உயரத்தில் பின்னால் வரும். கல் இடுக்கில் ஈயக்குண்டு விழுந்தால் மாட்டிக்கொள்ளும். கம்பியோ கல்லில் சாய்ந்து புரண்டு மேலே வந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு, பத்தடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ். நம் அளவில் மூன்று மீட்டருக்கு 28 கிராம். நரம்பு தண்ணீரோடு 45 பாகை சாய்வில் போக வேண்டும். அதைவிடப் படுத்துவிட்டால் எடை போதாது. நட்டுக்குத்தலாக நின்றால் எடை கூடிவிட்டது. ஏரிக்குச் சொன்ன கணக்கு என்றாலும் மிதந்துபோகும் போட்டில் இருந்து போட்டால் நெருளிலும் இது சரியாகவே வருகிறது. நங்கூரம் போட்ட போட்டுக்கு இது பொருந்தாது.

நெருளில் இந்தக் கம்பிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. இங்கே தரை பெரும்பாலும் கல் அல்ல, சேறு. குண்டு ஈயம் கட்டினால் இரையும் சேற்றுக்குள் போய்விடுகிறது. கம்பியில் கட்டினால் கால் நுனி எவ்வளவு புதைந்தாலும் முள் நரம்பு கட்டிய கை மேலேயே நிற்கும். இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டுமானால், பழைய ரப்பர் செருப்பிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு வெட்டி, முள்ளுக்கு நாலு விரல் முன்னால் கோத்துவிடுங்கள். தூத்துக்குடியில் வலைக்கு மிதவையாகச் செருப்பை வெட்டுவதைப் பார்த்த கண் எனக்கு.

நான் இதை வீட்டிலேயே செய்கிறேன். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ஸ்போக் கம்பி போதும். குறடால் வளைவில் ஒரு சுற்றுச் சுற்றிக் கண் செய்துகொள்ளலாம். ஈயம் வார்ப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஈயம் உருக 327 பாகை சூடு போதும், அடுப்பிலேயே உருகிவிடும். அதனால் சின்ன வேலை என்று நினைக்கத் தோன்றும். முதல் முறை நான் மண் அச்சில் ஊற்றினேன். மண்ணில் ஈரம் இருந்தது தெரியவில்லை. ஊற்றிய நொடியில் தண்ணீர் ஆவியாகி ஈயத்தைத் தூக்கி அடித்தது. முழங்கைக்குக் கீழே மூன்று இடத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால்? அச்சு எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், முழுக்கை சட்டை, கண்ணாடி போட வேண்டும், மொட்டைமாடியில் காற்றோட்டத்தில் செய்ய வேண்டும், அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் வரவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யவே வேண்டாம், கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் ஈயத்தையே குறைத்துவிட்டேன். காரணம் பூநாரைகள். கார்த்திகையிலிருந்து வைகாசி வரை இந்தச் சேற்றில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை அலகால் வடிகட்டித்தான் அவை சாப்பிடுகின்றன. 2022-ல் தாணே கழி ராம்சார் தலமானது. வாஷி பாலத்துக்கு வடக்கே ஐரோலி வரை பூநாரை சரணாலயம், அங்கே தூண்டிலை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. ஆனால் பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது, நெருள் ஏரியிலும் அதேதான் நிற்கும். பிரிட்டனில் தூண்டில்காரர்கள் விட்ட சின்ன ஈய மணிகளை அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் 1987-லேயே அந்த எடைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். நாம் ஒரு நாளில் எத்தனை ஈயத்தை அறுத்துவிட்டு வருகிறோம் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

மாற்று இரும்பு. பழைய நட்டுகளைக் கோத்தால் போதும். நூறு கிராம் ஈயம் கடல்நீருக்குள் தொண்ணூற்றொரு கிராமாக இழுக்கும், நூறு கிராம் இரும்பு எண்பத்தேழாக இழுக்கும். பெரிய நஷ்டம் இல்லை. கல் என்றால் அறுபத்திரண்டுதான் மிஞ்சும், ஓடுகிற தண்ணீரில் கல்லைக் கட்டி வேலைக்காகாது. இரும்பு ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு பருமன், அதனால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். மிதந்துபோகும் போட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. எடையை எப்போதும் பலம் குறைந்த நரம்பில் கட்டுங்கள். மாட்டினால் அது மட்டும் அறுந்து, மீனும் மிச்சமும் மேலே வரும்.

கை வேலையைப் பற்றிச் சொல்லாமல் எடையைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. ராடை போட்டின் ஓரத்தில் சாய்த்து வைக்காதீர்கள், கையில் பிடியுங்கள், ஆள்காட்டி விரல் நரம்பின் மேல் இருக்கட்டும். இறக்கி, தட்டியதும் ஒரு சாண் தூக்கி, மறுபடி இறக்குங்கள். தட்டவில்லையென்றால் ஒரு முழம் நரம்பு விடுங்கள். மூன்று முறை விட்டும் தட்டவில்லையென்றால் நரம்பை விட்டுக்கொண்டே போகாமல் எடையை மாற்றுங்கள். எடை சரியாக இருந்தால் தரையே பேசும். சேறு என்றால் பொத்தென்று அமுங்கும், தூக்கும்போது லேசாகப் பிடித்து விடும். சிப்பிப் படுகை கரகரவென்று அரைக்கும். கல் டக்கென்று அடிக்கும். சேறு போய்க் கரகரப்பு தொடங்குகிற அந்த ஓரம்தான் நமக்கு வேண்டிய இடம். அங்கே காகா கரையில் ஒரு கட்டடத்தையும் பின்னால் ஒரு மலை மொட்டையையும் நேர்கோட்டில் பிடித்து மனதில் வைத்துக்கொள்வார். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் இதைக் கணியம் என்பார்கள். இரண்டு கரையிலும் ஒரே வித்தை.

கடி வேறு மாதிரி இருக்கும். டப்-டப் என்று இரண்டு தட்டு, பிறகு கனம். முதல் தட்டில் இழுத்தால் போயிற்று. ராடு நுனியை மீன் பக்கம் அரை மீட்டர் இறக்கிக் கொடுங்கள், கனம் விழுந்ததும் நிதானமாகத் தூக்குங்கள். கெளுத்தி வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். முதுகிலும் இரண்டு பக்கச் செட்டையிலும் விஷமுள். குத்திவிட்டால் பொறுக்கிற அளவு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இந்தக் கழியில் பாதி நாள் கெளுத்திதான் வரும்.

வரவேண்டும் என்று நாம் கும்பிடுவது கொடுவா. மராத்தியில் ஜிதாடா, ராய்கட் பக்கம் மாப்பிள்ளை விருந்து மீன். வற்றம் தொடங்கும்போது தூணுக்கும் கல்லுக்கும் பின்னால், ஓட்டம் படாத நிழலில் நின்று, தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் இறாலுக்காகக் காத்திருக்கும். கொடுவா ஆணாகத் தொடங்கி வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா என்றால் அது தாய். நானும் காகாவும் பெரியதை விட்டுவிடுகிறோம். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது ஒரு வாரக் கூலி, எனக்கு விடுமுறை நாள் பொழுது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், அதனால் நான் வற்புறுத்தவும் இல்லை. ஒரு முறை வயிறு நிறைய சினையோடு ஒன்று வந்தது. அவரே முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்துத் தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டி, அது திமிறியதும் விட்டார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குத்தான் சட்டம், ஆனாலும் அந்த இரண்டு மாதமும் நான் போட் ஏறுவதில்லை. மழையில் கழி இருக்கிற இருப்புக்கு ஏறவும் கூடாது. நாரளி பௌர்ணமிக்குக் கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் காகாவுக்குப் போன் போடுவேன்.

தம்பி, நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமையை நாள்காட்டியில் பார்த்துவிட்டேன். தசமி, பாங் தண்ணீர். பத்துக்கு முக்கால் ஏழரை. உள்கழிக்கு எட்டு மணி என்று வைத்துக்கொள். ஆறரைக்கு ஜெட்டியில் இரு, அப்போது போட் இறங்கும் அளவு தண்ணீர் இருக்கும். எட்டு வரை 30 கட்டிப் பழகு. வற்றம் தொடங்கியதும் 60. பத்தரைக்கு 80 தரை தட்டவில்லையென்றால் சுருட்டிவிடு, அதற்கு மேல் நின்றால் போட் சேற்றில் உட்கார்ந்து சாயங்கால ஏற்றம் வரை அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். கணவாய்த் துண்டு கொண்டுவா, இறால் நான் எடுத்து வருகிறேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் வந்தால் காகா ஏற்ற மாட்டார்.